ஒட்டுக்கடை மேசையில் சிசிரிஸ் அறிக்கை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நாங்கள் நாலு கூட்டாளிகள், பள்ளிக்கூடத்திலிருந்தே ஒன்றாகத் திரிகிறவர்கள். யார் வீட்டில் என்ன சண்டை, யாருக்கு எந்தப் பல் வலி, எல்லாம் தெரியும். சம்பளம் எவ்வளவு, கடன் எவ்வளவு என்பதை மட்டும் இருபது வருஷத்தில் ஒருவனும் வாய் திறந்து சொன்னதில்லை. அந்த வாயைத் திறக்க வைத்த சேவையைப் பற்றித்தான் எழுதுகிறேன்: நம் கடன் விவர அறிக்கையை நாமே இணையத்தில் பார்க்க, நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா நடத்தும் இ-சிசிரிஸ். கூடவே கடன் ஆலோசனை தரும் ஏகேபிகே பற்றியும் கொஞ்சம்.

மைவி கார் வாங்கலாம் என்று ஒரு பேங்கில் லோன் கேட்டேன். முடியாது என்றார்கள். ஏன் என்று கேட்டால் "சிஸ்டம்" என்று ஒரே சொல். சரி, அந்தச் சிஸ்டத்தில் அப்படி என்னதான் இருக்கிறது என்று பதிவு செய்து என் அறிக்கையை இறக்கினேன். ஒரு காசு கேட்கவில்லை. வாங்கிய கடன் ஒவ்வொன்றும், மிச்சம் எவ்வளவு என்பதும், கடைசி 12 மாதம் எப்படிக் கட்டினோம் என்பதும் கட்டம் கட்டமாக இருக்கும். ஒழுங்காகக் கட்டிய மாதத்துக்கு 0, ஒரு மாத பாக்கிக்கு 1, இரண்டு மாத பாக்கிக்கு 2. என் கிரெடிட் கார்டு வரிசையில் தீபாவளிக்குப் பிறகு 1, 1, 2. படிக்கும்போது வாங்கி மறந்தே போயிருந்த பிடிபிடிஎன் கல்விக் கடனும் அதில் உட்கார்ந்திருந்தது. நம்மவர்கள் சொல்கிற மாதிரி பிளாக்லிஸ்ட் என்று எதுவும் அதில் கிடையாது, மார்க்கும் கிடையாது, நடந்தது மட்டும் இருக்கும், அதைப் பார்த்து முடிவு செய்வது பேங்க்.

குறை என்றால், தமிழில் கிடையாது, முதல் தடவை பார்க்கிறவனுக்குக் கட்டங்களைப் பார்த்தாலே தலை சுற்றும். பக்கத்தில் ஒருவன் உட்கார்ந்து விளக்கினால் பத்து நிமிடம்.

அந்தப் பக்கத்தில் உட்காரும் ஆள்தான் எனக்கு விஷயமே. ஒட்டுக்கடையில் தே தாரிக் வந்ததும் போனை மேசையில் வைத்து, "மைவி கிடைக்கலடா, இதான் காரணம்" என்றேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் லோரி ஓட்டுகிறவன், "இவ்வளவுதானா? என்னோடதப் பாத்தா நீ சிரிப்ப" என்று தன் போனை எடுத்தான். மூன்று கார்டு, 18,000 வெள்ளி (ரிங்கிட்) கடன், மாதம் 900 வெள்ளி குறைந்தபட்சத் தொகையைக் கட்டிவிட்டு அதே கார்டைப் பெட்ரோலுக்கும் பால்மாவுக்கும் மறுபடி இழுக்கிறான். அவன் மனைவிக்கே அன்றைக்கு வரை தெரியாது.

எங்கள் அப்பா காலத்தில் இது இவ்வளவு ரகசியமாக இருந்ததில்லை. தோட்டத்து லயத்தில் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே சம்பளம், மளிகைக் கடையில் 555 நோட்டுப் புத்தகம், யார் பெயரில் எவ்வளவு பாக்கி என்று வரிசையில் நிற்கிறவனுக்கும் தெரியும். இந்தத் தொகுதியின் எம்.பி.யாக இருந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டத் தொழிலாளிகளிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டமே வாங்கினார். அவர்கள் பிள்ளைகளான நாங்கள், பில் வந்தால் போனைக் கவிழ்த்து வைக்கிறோம்.

சிசிரிஸில் எல்லாம் தெரியாது என்பதையும் சொல்ல வேண்டும். அடகுக் கடை, கூட்டுச் சீட்டு, மச்சானிடம் கைமாற்று, வட்டி முதலை, இதெல்லாம் அதில் வராது, வாயால்தான் சொல்ல வேண்டும். செம்பனை ஆலையில் வேலை செய்கிறவன் அறிக்கை சுத்தம், எல்லாம் 0. அவனை மெச்சிக்கொண்டிருந்தோம். கடைசியில் அவனே சொன்னான், அக்காவின் சங்கிலி 3,000 வெள்ளிக்கு அடகில் இருக்கிறது, இரண்டு வருஷமாகச் சீட்டைப் புதுப்பித்துக்கொண்டே வருகிறான். மாதம் 2 விழுக்காடு வட்டி, 60 வெள்ளி. டிஷ்யூ தாளில் போட்டுப் பார்த்தோம்: 1,440 வெள்ளி போய்விட்டது, சங்கிலி இன்னும் உள்ளே. கார்டு வட்டிக்குப் பயந்துதான் அடகு வைத்தானாம். கார்டு அதிகமாகப் போனால் வருஷம் 18 விழுக்காடு, அடகு 24. இது நாலு பேருக்கும் தெரியாது!

லோரிக்காரனை ஈப்போவில் உள்ள ஏகேபிகேக்கு அழைத்துப் போனேன். இது 2006இல் பேங்க் நெகாரா அமைத்தது, ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை. திவாலானவன்தான் அங்கே போவான் என்று நினைப்பவர்கள் உண்டு, அது தப்பு. சம்பளச் சீட்டு, கடன் விவரம், செலவுக் கணக்கு, மூன்றையும் கேட்பார்கள். செலவுக் கணக்கில் இவன் சிகரெட்டை விட்டுவிட்டான், நான்தான் பக்கத்திலிருந்து எடுத்துக் கொடுத்தேன், முறைத்தான். கடன் நிர்வாகத் திட்டத்தில் சேர்ந்த பிறகு மூன்று கார்டும் ஒரே தவணையாகி, இப்போது மாதம் 430 வெள்ளி. விலை இல்லாமல் இல்லை: கார்டுகள் போய்விடும், திட்டம் முடியும் வரை புதுக் கடனை மறக்க வேண்டியதுதான், சிசிரிஸிலும் குறிப்பு விழும். அடுத்த வருஷம் வீடு வாங்க நினைக்கிறவர்கள் யோசித்துச் சேருங்கள்.

இ-சிசிரிஸுக்கு ஐந்துக்கு நாலு கொடுப்பேன். தமிழ் இல்லாததற்கு ஒன்று குறைத்தேன்.

மாதச் சம்பளம் வந்த வாரம், அதே கடை, அதே மேசை. ஒரே விதி, ஒருவனுக்கொருவன் கடன் கொடுப்பதில்லை. நாலாமவன் மட்டும் இன்னும் திறந்து காட்டவில்லை. கேட்டால் பாஸ்வேர்டு மறந்துவிட்டதாம். தே தாரிக் காசை மட்டும் ஒவ்வொரு முறையும் அவனே முந்திக் கொடுக்கிறான்.