அறிபுனைவு எழுதுபவர் எந்தச் சங்கத்தில் சேரலாம்?

கோத்தகிரி, குன்னூர் பக்கம் அறிபுனைவும் (அறிவியல் புனைகதை) மிகைபுனைவும் (ஃபேன்டஸி) எழுதும் இளைஞர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது, எந்தச் சங்கத்தில் சேர்ந்தால் பயன் என்றுதான். மூன்றைச் சொல்லலாம்: அமெரிக்காவின் எஸ்.எஃப்.டபிள்யூ.ஏ. (அறிபுனைவு, மிகைபுனைவு எழுத்தாளர் சங்கம்), பிரிட்டனின் பி.எஸ்.எஃப்.ஏ. (பிரிட்டிஷ் அறிபுனைவுச் சங்கம்), 1998இல் நம் வேலூரில் தொடங்கிய இந்திய அறிவியல் புனைகதை ஆய்வுச் சங்கம்.

அமெரிக்கச் சங்கம் 1965இல் எழுத்தாளர் டேமன் நைட் தொடங்கியது. சிறந்த அறிபுனைவு, மிகைபுனைவுக்கு ஆண்டுதோறும் தரும் நெபுலா விருதால்தான் வெளியே பெயர். ஆனால் ஆங்கிலத்தில் வராத கதைக்கு அந்த விருதில் இடமில்லை. சேர எழுத்து வருமானம் காட்ட வேண்டும்: இணை உறுப்பினருக்கு 100 டாலர், முழு உறுப்பினருக்கு 1000. தொழில்முறை ஊதியம் என்று அவர்கள் ஏற்பது சொல்லுக்கு 8 சென்ட். அந்த விலைக்கு 1250 சொற்களில் ஒரு கதை விற்றாலே முதல் படி ஏறிவிடலாம். விருதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது அவர்களுடைய ‘ரைட்டர் பிவேர்’. எழுத்தாளர்களை ஏமாற்றும் பதிப்பகங்கள், முகவர்கள் பற்றி எச்சரிக்கும் பிரிவு இது. உறுப்பினர் அல்லாதவரும் காசில்லாமல் படிக்கலாம்.

அந்த எச்சரிக்கை ஏன் வேண்டும் என்பதற்கு ஓர் உதாரணம். கோத்தகிரி ஆசிரியை ஒருவர் போன வருடம் ஓர் ஒப்பந்தத்தைக் கொண்டுவந்து காட்டினார். அச்சுச் செலவு அவருடையது. மொழிபெயர்ப்பு, ஒலிநூல், திரைப்பட உரிமை எல்லாம் பதிப்பாளருக்கு, அதுவும் பதிப்புரிமைக் காலம் முழுக்க. நம் நாட்டில் அது ஆசிரியர் இறந்து 60 ஆண்டு வரை! காலம் எதுவும் எழுதாமல் விட்டிருந்தால்கூட, 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி உரிமை பதிப்பாளரிடம் 5 ஆண்டுதான் இருக்கும். இதைச் சொல்ல ஆளில்லாமல் கையெழுத்துப் போடுகிறவர்களை நினைத்தால் வயிறு எரிகிறது.

பிரிட்டிஷ் சங்கம் 1958இலிருந்து இருக்கிறது. வருமானம் கேட்பதில்லை, சந்தா கட்டினால் வாசகரும் சேரலாம். ‘வெக்டர்’ என்ற விமர்சன இதழ் உண்டு. உறுப்பினர்கள் ஒருவர் கதையை ஒருவர் படித்துக் குறை நிறை சொல்லும் ‘ஆர்பிட்’ குழுக்கள்தான் அந்தச் சங்கத்தில் உருப்படியானவை.

வேலூர் சங்கம் ஆய்வாளர்கள் பக்கம் சாய்ந்தது. கருத்தரங்கு, கட்டுரை, பிற இந்திய மொழிக்காரர்களின் அறிமுகம் கிடைக்கும். ராயல்டி தகராறுக்கு அங்கே போய்ப் பயனில்லை.

சரி, என் முடிவு. தமிழில் மட்டும் எழுதினால் வேலூர் போதும். ஆங்கிலத்திலும் எழுதினால் முதலில் பிரிட்டிஷ் சங்கம், கதை விற்ற அப்புறம் அமெரிக்கச் சங்கம். ஒப்பந்தம் கைக்கு வந்தால் மட்டும், எந்த மொழியில் எழுதினாலும், ‘ரைட்டர் பிவேர்’ படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். உள்ளூர்ப் பதிப்பகத்தின் பெயர் அதில் இருக்காது. அதே தந்திரங்கள் இருக்கும்.