பழைய ஆக்டேவியா ஆர்எஸ்ஸுக்கு டவுன்பைப்பும் இன்டர்கூலர் பைப்பும் பண்ணிக் குடுத்த கோவை பட்டறை: ரிவ்யூ

ஸ்கோடா ஆக்டேவியா 1.8 டர்போ வெச்சிருக்கிற ஆளுங்க எல்லாம் 'டவுன்பைப் (டர்போலேருந்து புகை வெளிய போற முதல் பைப்) எங்க பண்ணுனீங்க, லீக் இல்லாம நிக்குதா, எவ்வளவு ஆச்சு'ன்னு கேட்டுட்டே இருக்காங்க, ஒவ்வொருத்தருக்கும் தனியா வாய்ஸ் மெசேஜ் போட்டு மாளல, அதனால மொத்தமா எழுதிடறேன். பட்டறை கோயம்புத்தூர்ல, கணபதி பக்கம். பேர் போடலீங்க, பட்டறை நடத்தற அண்ணனே 'வேண்டாமுங் தம்பி, கையில இருக்கிற வேலையே முடிய மாட்டேங்குது'ன்னு சொல்லிட்டார். நேர்ல கேட்டா வழி சொல்றேன்.

வண்டியைப் பத்தி ரெண்டு வரி. 2004 வாக்குல நம்ம ஊருக்கு வந்த ஆர்எஸ், அவுரங்காபாத்ல அசெம்பிள் பண்ணினது, 20 வால்வு இன்ஜின், ஒரு சிலிண்டருக்கு 5 வால்வு, கேகேகே கம்பெனியோட கே03 டர்போ (புகை வேகத்துல சுத்தி இன்ஜினுக்குள்ள காத்தை அமுக்கற சமாச்சாரம்). ஐரோப்பாவுல இதே பேர்ல 180 குதிரை குடுத்தாங்க, நமக்கு 150தான். அந்தக் காலத்துல டர்போ பெட்ரோல்னு ஷோரூம்ல போயி வாங்கற மாதிரி இருந்த வண்டிங்களே கொஞ்சம், இன்னைக்கு 20 வருசம் தாண்டியும் இதை விட மனசு வராததுக்கு அதான் காரணம். ஆனா வயசாச்சுல்ல, வேக்கம் ஹோஸ் எல்லாம் தொட்டா பொடிப்பொடியா உதிரும், டைவர்ட்டர் வால்வு (டர்போ காத்து மிச்சமானா திருப்பி விடறது) உள்ள டயாஃப்ரம் கிழிஞ்சிருக்கும், ஸ்பார்க் குடுக்கற காயில் பேக் எப்போ கைவிடும்னு சொல்ல முடியாது. இதெல்லாம் மொதல்ல சரி பண்ணிட்டுத்தான் மாடிஃபிகேஷன் பக்கம் போகணும், இல்லேன்னா காசு தண்ணியாத்தான் போகும்.

எனக்கு வேண்டியது மூணு. 3 இன்ச் டவுன்பைப், முன்னாடி பெரிய இன்டர்கூலர் (டர்போ அமுக்கின சூடான காத்தைக் குளிர வெக்கறது) வெக்கறதுக்கு அலுமினியம் பைப்பிங், அப்புறம் எஸ்எஸ், அதாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், டியூபுலர் மேனிஃபோல்டு (இன்ஜின் புகையை டர்போவுக்குக் கொண்டுபோற பைப் தொகுப்பு). மூணாவதைத்தான் அண்ணன் பண்ண மாட்டேன்னுட்டார், அந்தக் கதை கீழ வரும், என்னைக் கேட்டா இந்தப் பட்டறைக்கு நான் மார்க் போடறதே அதுக்குத்தான்.

ஏன் ரெடிமேடா வாங்கலேன்னு கேப்பீங்க. ஆன்லைன்ல கிடைக்கறதுல பாதி இடது பக்க ஸ்டியரிங் வண்டிக்குப் பண்ணினது, நம்ம வண்டியில டர்போ இன்ஜினுக்குப் பின்னாடி ஃபயர்வால் பக்கம் ஒளிஞ்சு கிடக்கு, அந்த இடத்துல ஒரு விரல் அகலம் தப்பினாலும் எதுலயாவது உரசும். அதுக்கு மேல கப்பல் செலவு, கஸ்டம்ஸ். உள்ளூர் சைலன்சர் கடையில குடுத்தா அவங்க பிரஸ்ஸுல வெச்சு பைப்பை மடக்குவாங்க, மடக்கற இடத்துல பைப் நசுங்கிடும், 3 இன்ச்சுன்னு காசு குடுத்து வளைவுல ரெண்டரைக்குக் கீழ வந்து நிக்கும். எனக்கு முன்னாடி வண்டியை வெச்சிருந்தவர் எங்கயோ அப்படித்தான் பண்ணிருந்தார், ஃபிளாஞ்சு (பைப் முனையில போல்ட்டு மாட்டற தகடு) கோணிக்கிட்டு கேஸ்கெட் ஊதி ஊதி கேபின்ல எல்லாம் புகை வாடை.

இங்க மாண்ட்ரெல் பெண்டு, அதாவது உள்ள அச்சு வெச்சு நசுங்காம வளைச்ச பைப், வாங்கித்தான் பண்றாங்க. 304 எஸ்எஸ், ஒன்றரை மிமீ கனம். அண்ணன் கார் ஆளே இல்லீங்க, பால் பண்ணைக்கு பைப் லைன் போடற வெல்டரா பல வருசம் இருந்தவர். பால் போற பைப்புல வெல்டு உள்பக்கம் சொரசொரன்னு இருந்தா அந்த இடுக்குல பால் தங்கி கெட்டுப்போகும், அதனால உள்ள ஆர்கான் விட்டுக்கிட்டே வெளிய ஆர்கான் வெல்டு பண்ணணும், அந்தப் பழக்கம் அவருக்குக் கையிலயே ஊறிப்போச்சு. டவுன்பைப்போட ஒரு வாயை அலுமினியம் ஃபாயில் ஒட்டி அடைச்சு, இன்னொரு பக்கம் சின்ன ஹோஸ் விட்டு, கேஸ் நிறையட்டும்னு ஒரு டீ குடிச்சிட்டு வந்துதான் டார்ச்சையே தொட்டார். முடிஞ்சதும் மொபைல் டார்ச் அடிச்சு உள்ள பாத்தேன், வெல்டு கோடு வெளிய இருக்கற மாதிரியே உள்ளயும் வழுவழுன்னு ஓடுது. கேஸ் விடாம பண்ணினா அங்க கருகின சர்க்கரை மாதிரி பொருக்கு பொருக்கா நிக்கும், அது ஓட்டத்தையும் தடுக்கும், நாளாக ஆக விரிசலும் அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். இன்ஸ்டாவுல கலர் கலரா வெல்டு ஃபோட்டோ போடற கடைங்களைப் பாத்து மயங்காதீங்க, பைப்பைத் திருப்பி உள்ள காட்டச் சொல்லுங்க, அப்புறம் பேசலாம்.

ஃபிளாஞ்சு லேசர் கட்டிங்ல 10 மிமீ எம்எஸ் (சாதா இரும்பு) தகடு. எஸ்எஸ் பைப்பை எம்எஸ் ஃபிளாஞ்சுல ஒட்டறதுக்கு 309 வெல்டிங் கம்பி, எஸ்எஸ்ஸுக்கு எஸ்எஸ்னா 308, இதை ஹெல்பர் பையன் கூட மாத்திக் குடுக்காம கரெக்ட்டா எடுத்துக் குடுக்கறான். வெல்டு ஆனதும் ஃபிளாஞ்சு சூட்டுல லேசா வளையத்தான் செய்யும், அதை அப்படியே மாட்டி விட மாட்டேங்கறார், பக்கத்துத் தெரு மில்லிங் மெஷின்ல குடுத்து முகத்தை ஒரு ஓட்டு ஓட்டி, கண்ணாடி மேல வெச்சு ஃபீலர் கேஜ் நுழையுதான்னு பாத்துட்டுத்தான் கேஸ்கெட் வெச்சார். கோவையில ஒரு சவுகரியம் இதுதான், பம்ப்செட்டும் மோட்டாரும் பண்ற ஊருங்கறதால லேத், மில்லிங், ஃபவுண்டரி எல்லாம் நடக்கற தூரத்துலயே இருக்கு.

ஃபிட்டிங்தான் அவர் கெட்டிக்காரத்தனம். பேட்டரி டெர்மினலைக் கழட்டிட்டு வண்டியிலயே வெச்சு டேக் (அங்கங்க சின்னப் பொட்டு வெல்டு) அடிச்சார், அப்புறம் ஹெல்பரை விட்டு இன்ஜினைக் கடப்பாரையில முன்னயும் பின்னயும் நெம்பச் சொன்னார். குறுக்கே உக்காந்திருக்கற இன்ஜின் ஆக்சிலரேட்டர் மிதிச்சா உருளும்ல, கீழ இருக்கற டாக்போன் மவுண்ட் (இன்ஜின் உருளாம புடிச்சு வெக்கறது) புஷ்ஷும் பழசு, அப்போ பைப் எங்க போயி இடிக்கும்னு பாக்கறதுக்கு. வலது பக்க ட்ரைவ்ஷாஃப்ட்டோட உள் சிவி பூட்டு (கிரீஸ் வெளிய வராம மூடற ரப்பர் உறை) டவுன்பைப்புக்கு ரொம்ப கிட்டக்க வரும், கம்பெனியே அங்க ஒரு ஹீட் ஷீல்டு குடுத்திருக்கான், நிறைய பேர் பெரிய பைப் போடறதுக்காக அதைக் கழட்டித் தூக்கிப் போட்டுடுவாங்க, ஆறு மாசத்துல பூட்டு வெந்து கிரீஸ் எல்லாம் வெளிய. இவர் ஷீல்டை வெச்சே பைப்பை ரெண்டு துண்டா வெட்டிக் கோணம் மாத்தி வளைச்சுக் கொண்டுபோனார். பெல்லோஸும் (பைப் நடுவுல வர்ற வளையற துண்டு) உள்ள இன்டர்லாக் லைனர் இருக்கறதாப் பாத்துத்தான் போட்டார். லாம்டா சென்சார் (புகையில இருக்கற ஆக்சிஜனை அளக்கறது) மாட்டற எம்18 நட்டை பைப்போட மேல் பக்கமா சாச்சு ஒட்டினார், கீழ வெச்சா காலையில ஸ்டார்ட் பண்றப்போ பைப்ல ஊறுற தண்ணி சென்சார் மேல பட்டு செராமிக் வெடிச்சுடும்.

புகையை சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை (சுருக்கமா 'கேட்') எடுத்துட்டு நேர் பைப் விடச் சொல்லி கேக்கறவங்க இருக்காங்க. நான் 200 செல் (ஒரு சதுர இன்ச்சுக்கு 200 ஓட்டை) மெட்டல் கேட் போட்டிருக்கேன், பவர்ல பெரிசா ஒண்ணும் போகல, பின்னாடி வர்றவன் கண்ணு எரியாது. இன்னொண்ணு, மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவுப்படி கம்பெனி குடுத்த ஸ்பெக்கை நம்ம இஷ்டத்துக்கு மாத்த முடியாது, 2019ல சுப்ரீம் கோர்ட்டும் அதை அழுத்திச் சொல்லிடுச்சு. என் பழைய பைப், கேட், சைடு இன்டர்கூலர் எல்லாம் பத்திரமா பரண்ல இருக்கு. இந்த வண்டிக்கு இப்போ வேலை செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே ரேஸ் டிராக்ல டிராக் டே ஓடறதுதான், ரோட்ல வீலு கத்த விடற ஆசை இருந்தா இந்த ரிவ்யூ உங்களுக்கு இல்ல.

இன்டர்கூலர் வேலை. ஸ்டாக் இன்டர்கூலர் வலது முன் சக்கரத்துக்கு முன்னாடி ஃபெண்டருக்குள்ள சின்னதா உக்காந்திருக்கும், நம்ம ஊரு ஏப்ரல் மே வெயில்ல ரெண்டு ரவுண்டு ஓட்டினாலே சூடேறி வண்டி சோம்பிடும். முன்னாடி பம்பருக்குள்ள பெருசா வெச்சு, டர்போலேருந்து இன்டர்கூலருக்கு ஒரு பைப், அங்கிருந்து பேட்டரி பக்கம் இருக்கற த்ராட்டில் பாடிக்கு ஒரு பைப், ரெண்டும் ரெண்டரை இன்ச் அலுமினியம். பைப் முனையில பீடு உருட்டிக் குடுக்கறாங்க, அதாவது விளிம்புல ஒரு மேடு. அது இல்லாம சிலிக்கான் ஹோஸை வெறும் பைப்ல மாட்டி கிளிப்பை எவ்வளவு முறுக்கினாலும் 1 பார் ப்ரஷர்ல ஹோஸ் வழுக்கிட்டுப் பிச்சுக்கும். மேப் சென்சார் (டர்போ காத்தோட ப்ரஷரை அளக்கறது) ஸ்டாக்ல இன்டர்கூலர் மேலயே உக்காந்திருக்கும், இது ரெடிமேட் பைப் வாங்கறவங்க எல்லாம் மாட்டிக்கற இடம், சென்சாரை எங்க வெக்கறதுன்னு தெரியாம டேப்பு சுத்தி விட்டவங்களை எனக்குத் தெரியும். அண்ணன் அலுமினியம் கட்டையில சென்சார் உக்கார ஒரு பாஸ் (மேடை) கடைஞ்சு, ஓ ரிங் உக்கார்ற இடத்தை வெர்னியர்ல அளந்து அளந்து எடுத்து பைப்ல ஒட்டினார். அந்த ஒரு சின்ன பீஸுக்கே பாதி நாள் போச்சு, நியாயம்தான்.

முடிஞ்சதும் சோதனை. பிவிசி எண்டு கேப்புல டியூப்லெஸ் டயர் வால்வு மாட்டி, அதை டர்போ வாயில செருகி கம்ப்ரசர் காத்து விட்டு, ஜாயின்ட்டு ஜாயின்ட்டா சோப்புத் தண்ணி அடிச்சார். அலுமினியம் பைப்ல ஒரு குமிழி இல்ல. குமிழி வந்தது கிரான்க் கேஸ் ப்ரீத்தர் ஹோஸ்ல, அது 20 வருசப் பழசு, அவர் பண்ணினது இல்ல, இருந்தாலும் கண்டுபுடிச்சுக் குடுத்தார். இந்த வண்டி காத்தை மாஃப் சென்சார்ல அளந்து பெட்ரோல் விடற வண்டி, அளந்த காத்து நடுவுல வெளிய போனா பெட்ரோல் மட்டும் அதிகமாகி கறுப்புப் புகை, பிக்கப் டல்லு, மைலேஜும் காலி, இன்ஜின் கம்ப்யூட்டரை ரீமேப் பண்றவன் லேப்டாப்பை வெச்சு தலையை சொறிஞ்சிட்டு உக்காந்திருப்பான்.

இப்போ மேனிஃபோல்டு. நான் ஆசை ஆசையா படம் எல்லாம் காட்டினேன், நாலு ரன்னரும் பாம்பு மாதிரி சுத்தி வர்ற எஸ்எஸ் மேனிஃபோல்டு. பாத்துட்டு, 'ஏனுங் தம்பி, இது வண்டிக்கா, ஷோகேஸுக்கா?'ன்னார். அப்புறம் சாக்பீஸ் எடுத்து தரையில கணக்கு போட்டார். 304 சூடானா வார்ப்பிரும்பை விட ஒன்றரை மடங்கு நீளும், 300 மிமீ நீள ரன்னர் 650 டிகிரி ஏறினா 3 மிமீக்கு மேல நீளணும், ஒரு பக்கம் ஹெட்டுல போல்ட்டு, மறுபக்கம் டர்போ தொங்குது, அந்த 3 மிமீ எங்க போகும்? வெல்டு ஓரத்துலதான் போகும். பெட்ரோல் டர்போவுல எக்ஸாஸ்ட் சூடு 850, 900 டிகிரிக்கு சர்வசாதாரணமா போற சமாச்சாரம். 'பண்ணித்தான் ஆகணும்னா மெல்லிசு பைப் வேண்டாமுங், ஷெட்யூல் 10 (கனமான பைப்) பெண்டுல பண்ணி, டர்போவைத் தாங்கறதுக்கு பிளாக்குலேருந்து ஒரு பிராக்கெட் குடுக்கணும், கே03 வெச்சுட்டு அதெல்லாம் எதுக்கு, கம்பெனி வார்ப்பே போதும், பெரிய டர்போ போடறப்போ வாங்க'ன்னு முடிச்சிட்டார். அவருக்கு வர வேண்டிய பெரிய பில்லு அது, வேண்டாம்னு சொன்னார்னா பாத்துக்கோங்க. ஸ்டாக் மேனிஃபோல்டு போர்ட்டு விளிம்பை மட்டும் கேஸ்கெட்டுக்கு மேட்ச் பண்ணிக் குடுத்தார், அதுக்குக் காசு கூட வாங்கல.

குறைங்களும் இருக்கு, மறைக்க மாட்டேன். சொன்ன தேதி எல்லாம் சும்மா பேச்சுக்கு, வியாழக்கிழமைன்னா எந்த வியாழக்கிழமைன்னு கேட்டுக்கணும். ஃபோன் எடுக்க மாட்டார், வாட்ஸப்ல ப்ளூ டிக் வரும், பதில் வராது. பட்டறையில கிரைண்டர் ஓடிட்டே இருக்கும், அந்தப் பக்கத்துலயே உங்க வண்டி பானெட் திறந்து நிக்கும், டர்போ வாயும் இன்டேக் வாயும் திறந்து கிடந்தா இரும்புப் பொடி உள்ள போகும், அதனால நானே துணி வெச்சு டேப் ஒட்டிட்டு வந்தேன், நீங்களும் அப்படிப் பண்ணுங்க, அவங்க பண்ணுவாங்கன்னு இருக்காதீங்க. பாலிஷ், பஃபிங் எல்லாம் எதிர்பாக்கக்கூடாது, வெல்டு நிறம் அப்படியேதான் வரும். ஜிக்கோ (அதே அளவுல மறுபடி பண்றதுக்கான அச்சு) டிராயிங்கோ எடுத்து வெக்கறதில்ல, நாளைக்கு எங்கயாவது இடிச்சு பைப் நசுங்கிச்சுன்னா மறுபடி முதல்லேருந்துதான், இவ்வளவு நல்ல கைக்கு ஒரு ஜிக் பண்ணி வெக்கறது பெரிய வேலையா, எனக்குப் புரியல. பில்லும் துண்டு சீட்டுதான்.

காசு: டவுன்பைப் கேட் நீங்கலா இருபதாயிரம் சுத்தி வந்தது, இன்டர்கூலர் பைப்பிங் அதை விடக் கொஞ்சம் கம்மி, இன்டர்கூலர் கோர் நான் தனியா வாங்கினது. வெளிநாட்டு கிட்டோட ஒப்பிட்டா பாதிக்கும் கீழ, உள்ளூர் சைலன்சர் கடையோட ஒப்பிட்டா ரொம்ப ஜாஸ்தி. என் கணக்குல குடுக்கலாம்.

ஓட்டறப்போ என்ன வித்தியாசம்னா, முன்னாடி 3000 ஆர்பிஎம் தாண்டித்தான் தள்ளும், இப்போ அதுக்கு நல்லா முன்னாடியே டர்போ எழுந்துக்குது, டிராக்ல தொடர்ந்து ரவுண்டு போனாலும் முதல் ரவுண்டுல இருந்த இழுவை கடைசி வரைக்கும் இருக்கு. சத்தம் காட்டுத்தனமா இல்ல, வீட்ல திட்டு வாங்கற அளவுக்கு இல்லேன்னு வெச்சுக்கோங்க. ஒரு மழைக்காலம் முழுக்க ஓடியாச்சு, விரிசல் இல்ல, ஊதல் இல்ல, சிவி பூட்டு காஞ்சுபோகாம அப்படியே இருக்கு.

போறவங்க டர்போ ஸ்டட், காப்பர் நட்டு, கேஸ்கெட் எல்லாம் புதுசா முன்னாடியே வாங்கிட்டுப் போங்க, பழைய ஸ்டட் கழட்டறப்போ முறிஞ்சா அதைத் தோண்டி எடுக்கறதுக்குத் தனி நாள், தனிக் காசு. காலையில பத்து மணிக்குள்ள போனா அண்ணன் பேசற மூடுல இருப்பார். அட்வான்ஸ் பாதி கேப்பார். வண்டியை விட்டுட்டு வர்றதுன்னா மாத்து வண்டி ஒண்ணு ஏற்பாடு பண்ணிக்கோங்க.