685 பவுண் போய்விட்டது: பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் கவனம்

நேற்று இரவு பத்தரைக்குத்தான் உண்மை தெரிந்தது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். பழைய கார் வைத்திருக்கிற எங்கட ஆட்கள் லண்டனில் நிறையப் பேர் இருக்கிறீர்கள், உங்களுக்கு இது நடக்கக் கூடாது. 685 பவுண். அதற்கு எனக்குக் கிடைத்தது ஒன்றுமே இல்லை.

என்னிடம் இருப்பது 1992ஆம் ஆண்டு ஈனோஸ் ரோட்ஸ்டர். மஸ்டா எம்எக்ஸ்-5 காருக்கு ஜப்பானில் வைத்த பெயர் அது. 1.6 என்ஜின், அங்கே ஓடிவிட்டு இங்கே இறக்குமதியான கார். ஐந்து வருடம் காசு சேர்த்து வாங்கினேன். போன மாதம் மழை தொடங்கியதிலிருந்து ஒரு கோளாறு. நிறுத்தி வைத்திருக்கும்போது என்ஜின் ஒழுங்காக ஓடும். நாலாம் கியரில், என்ஜின் சுற்றுகளைக் காட்டும் மீட்டர் 2,500ல் நிற்கும்போது அக்சிலரேட்டரை அழுத்தினால் ஒரு கணம் தயங்கும், பிறகு வெட்டி வெட்டிப் போகும். காய்ந்த நாளில் குறைவு, ஈர நாளில் கூட. இந்தக் கடைசி வரியிலேயே விடை இருந்திருக்கிறது. எனக்குத்தான் அப்போது தெரியவில்லை.

உறவினர் ஒருவர் ஒரு கராஜைச் சொன்னார். ரயில் பாலத்துக்குக் கீழே இருக்கிற சின்ன கராஜ், பழைய ஜப்பான் கார்கள் பார்ப்பதாகப் பேர். முதலாளி எங்கட ஆள். போனவுடன் தேத்தண்ணி தந்தார், ஊர் எது என்று கேட்டார், என் மாமாவோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படித்ததாகச் சொன்னார். போனட்டைத் திறந்து இரண்டு நிமிடம்கூடப் பார்க்கவில்லை. "தம்பி, உது பழைய கார். கொம்பியூட்டரில போட்டுப் பாத்தால்தான் தெரியும். நீ ஒண்டுக்கும் யோசிக்காதை, நான் பாத்துத் தாறன்" என்றார். அந்தப் பேச்சைக் கேட்டதும் மனசு லேசாகிவிட்டது. எழுத்தில் ஒரு மதிப்பீடு கேட்க வேண்டும் என்று தோன்றியது, ஆனால் மாமாவின் பேரைச் சொன்ன மனிதரிடம் எப்படிக் கேட்பது என்று விட்டுவிட்டேன். சாவியைக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன்.

அடுத்த நாள் போன். ஈசியூ போய்விட்டதாம், அதாவது என்ஜினை நடத்துகிற கொம்பியூட்டர் பெட்டி. ஸ்கேன் பண்ணியதற்கு 60, பழைய ஈசியூ ஒன்றுக்கு 280, பெட்ரோலைத் தெளிக்கிற இன்ஜெக்டர் கழுவ 165, கூலி 180. மொத்தம் 685 பவுண். காசாகத் தந்தால் வாட் வரி இல்லை என்றார். 400ஐக் கையில் கொடுத்தேன், மிச்சம் 285ஐ வங்கியில் அனுப்பினேன். பில் இல்லை.

மூன்றாம் நாள் மழை. அதே வெட்டல்.

போன் எடுத்தேன். முதல் தடவை, "புது ஈசியூ, பழக நாள் எடுக்கும் தம்பி." இரண்டாம் தடவை, "பெடியன்தான் பாத்தவன், அவன் லீவு." மூன்றாம் தடவை, "இன்னொரு சென்சர் மாத்த வேணும், 220 வரும்." அதற்குப் பிறகு எடுப்பதே இல்லை. மெசேஜ் போட்டால் நீலக் கோடு விழுகிறது, பதில் இல்லை. ஒருநாள் நேரில் போனேன். வேறு வாடிக்கையாளர்களுக்கு முன்னால், "முப்பது வருசக் காருக்கு என்ன உத்தரவாதம் கேக்கிறாய்?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். தேத்தண்ணி தந்த அதே மனிதர்.

நேற்று மாலை பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னேன். பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் கேட்ட முதல் கேள்வியே என்னைக் கொன்றுவிட்டது. "ஸ்கேனரை எங்கே செருகினார்?" என் காரில் அந்த சொக்கெட்டே இல்லை. பதினாறு பின் சொக்கெட் ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001இல்தான் கட்டாயமானது. இந்தக் காரில் இருப்பது போனட்டுக்குக் கீழே ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி. அதில் இரண்டு முனையை ஒரு வயரால் சேர்த்து, ஒரு எல்இடி விளக்கை மாட்டினால், அது மினுங்கும் எண்ணிக்கைதான் கோளாறைச் சொல்லும் கோட். மிஸ்ஃபயரை, அதாவது ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் போவதை, கண்டுபிடிக்கிற வசதி அந்த ஈசியூவுக்கே கிடையாது. அப்படியென்றால் 60 பவுணுக்கு எதை ஸ்கேன் பண்ணினார்?

இருட்டினதும் அவர் போனட்டைத் திறந்து என்ஜினை ஓட விட்டார். செடிக்குத் தெளிக்கிற போத்தலால், பொறி பறக்க வைக்கிற பிளக்குகளுக்கு மின்சாரம் கொண்டுபோகிற வயர்கள் மேல் மெல்லிய பூத்தூறலாகத் தண்ணீர் அடித்தார். இரண்டாவது சிலிண்டர் வயரிலிருந்து நீல மின்னல் டிக் டிக் என்று என்ஜின் மேல் பாய்ந்தது. அவ்வளவுதான் நோய். அக்சிலரேட்டரை அழுத்தும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும், அப்போது பிளக்கில் பொறி பறக்க அதிக வோல்ட் வேண்டும். கிழட்டு வயர் அதைத் தாங்காமல் வெளியில் விட்டுவிடும். அதனால்தான் சும்மா நிற்கும்போது ஒன்றும் தெரியவில்லை. வயரைக் கழற்றினால் பிளக் குழிக்குள் எண்ணெய் நிற்கிறது. என்ஜின் மேல் மூடியின் கஸ்கெட் (எண்ணெய் கசியாமல் அடைக்கிற பட்டை) கசிந்து, வயரின் ரப்பரை ஊற வைத்திருக்கிறது. குழியைத் துடைக்கக்கூட இல்லை, இவர் இன்ஜெக்டர் கழுவினாராம்.

பிறகு உள்ளே கார்பெட்டைத் தூக்கிப் பார்த்தோம். ஈசியூவைப் பிடித்திருக்கிற போல்ட்டுகளில் பழைய தூசி அப்படியே படிந்திருக்கிறது. ஸ்பானர் பட்ட கீறல் ஒன்றுகூட இல்லை. பெட்டி மாற்றப்படவே இல்லை என்று நான் உறுதியாகச் சொல்வேன். வயர் செட் 35 பவுண், நாலு பிளக் 16. இன்று காலை மாட்டினேன், அரை மணி நேரம். கார் பட்டுப்போல் போகிறது. 51 பவுண் வேலைக்கு 685 பவுண்.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் இருந்தேன், இப்போது அந்தப் பொறுமை இல்லை. ஈரத்தில் கூடுகிற வெட்டல் என்றால் முதலில் வயரையும் பிளக்கையும் பாருங்கள். இந்தக் காரில் பிளக்குக்கு உயர் வோல்ட் கொடுக்கிற கொயில் ஒன்றுக்கு இரண்டு சிலிண்டர், 1ம் 4ம் ஒரு சோடி, 2ம் 3ம் ஒரு சோடி. ஒரு சோடிச் சிலிண்டர்கள் இரண்டும் வேலை செய்யாவிட்டால் பெரும்பாலும் கொயில், ஒன்று மட்டும் என்றால் பெரும்பாலும் வயர் அல்லது பிளக். ஓடுகிற என்ஜினில் வயரைக் கையால் தொடாதீர்கள். வெட்டலோடு ஓட்டவும் வேண்டாம், எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்கிற கட்டலிஸ்டைச் சுட்டுக் கெடுக்கும். கழற்றிய பழைய பாகத்தைக் கையில் கேட்டு வாங்குங்கள். பில் இல்லாமல் ஒரு பவுணும் வேண்டாம். 100 பவுணுக்கு மேல் என்றால் கிரெடிட் கார்டில் கட்டுங்கள், 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி கார்ட் கம்பனியிடமே பணத்தைக் கேட்கலாம். நான் காசாகவும் வங்கியிலும் கொடுத்த பணத்துக்கு அந்த வழி இல்லை.

2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டத்தைக் காட்டி, 14 நாள் தவணை வைத்துக் கடிதம் எழுதி முடித்துவிட்டேன். நாளை பதிவுத் தபாலில் போகும். பணம் வராவிட்டால் சிறு வழக்கு நீதிமன்றம்தான். என் கையில் இருக்கிற ஒரே ஆதாரம் அந்த 285 பவுண் போனதைக் காட்டும் வங்கிக் கணக்குப் பதிவு. அதைப் பிரின்ட் எடுத்துக் கடிதத்தோடு குத்தி வைத்திருக்கிறேன்.