சிகாகோவின் அமெரிக்கன் ரைட்டர்ஸ் மியூசியம்: மகளோடு ஒரு காலை

"நீ எந்த ஊர்?" என்று பள்ளியில் யாராவது கேட்டால் என் மகளுக்குச் சட்டென்று பதில் வராது. பிறந்தது இல்லினாயில், வீட்டில் பேச்சு தமிழ். அவளுக்காகத்தான் அமெரிக்க எழுத்தாளர்களுக்கான இந்த அருங்காட்சியகத்துக்குப் போனேன்.

மிச்சிகன் அவென்யூவில், மில்லெனியம் பார்க்கிலிருந்து நடந்தே போகலாம். ஒரு அலுவலகக் கட்டடத்தின் மாடியில் இருப்பதால் வாசலைக் கவனமாகத் தேடுங்கள். திறந்தது 2017இல். இந்த யோசனையே அயர்லாந்திலிருந்து வந்து குடியேறிய ஒருவருடையது. டப்ளினில் எழுத்தாளர்களுக்கென்று இருந்த அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு, அமெரிக்காவில் ஏன் அப்படி ஒன்று இல்லை என்று கேட்டிருக்கிறார். இதைச் சொன்னதும் மகள் நிமிர்ந்து பார்த்தாள்.

நீண்ட சுவர் ஒன்றில் கால வரிசையில் 100 எழுத்தாளர்கள். நாங்கள் அதிக நேரம் நின்றது ஃபிரெடரிக் டக்ளஸிடம். அடிமையாகப் பிறந்தவர். எழுத்து கற்றுக்கொடுக்கத் தொடங்கிய எஜமானியை அவள் கணவன் தடுத்துவிட்டான். பால்டிமோர் தெருப் பையன்களுக்கு ரொட்டி கொடுத்து, பதிலுக்குப் பாடம் கேட்டு, படிக்கக் கற்றார். 1845இல் வந்த அவருடைய தன்வரலாற்றின் முகப்பிலேயே 'அவரே எழுதியது' என்று அச்சிட்டிருந்தார்கள். அடிமையாக இருந்தவர் இப்படிப் பேசவும் எழுதவும் முடியுமா என்று சந்தேகப்பட்ட காலம் அது. 1852இல் ரோசெஸ்டர் நகரில் வெள்ளையர்கள் முன்னால் பேசும்போது, அமெரிக்க சுதந்திர தினமான ஜூலை 4 உங்களுடைய நாள், என்னுடையது அல்ல என்று முகத்துக்கு நேரே சொன்னார். ஆனாலும் சுதந்திரப் பிரகடனத்தின் கொள்கைகளை அவர் தூக்கிப்போடவில்லை, அவற்றைக் காப்பாற்றுங்கள் என்றுதான் கேட்டார். இந்த நாடு தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் கதையைத் திருத்தி எழுதியவர்களில் அவருக்கு நிகராக எனக்கு வேறு யாரையும் சொல்லத் தோன்றவில்லை.

'வேர்ட் வாட்டர்ஃபால்' என்று ஒன்று இருக்கிறது. இருட்டில் சொற்கள் ஒளியாய் வழிகின்றன. அழகுதான், ஐந்து நிமிடம் போதும். குழந்தைகள் பகுதி சின்னவர்களுக்கு.

அப்புறம், தட்டச்சுப் பொறிகள்! யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து அடிக்கலாம். விசையை அழுத்த விரலில் பலம் வேண்டும். மகள் முதலில் தன் பெயரையும், அடுத்து என் அம்மா பெயரையும் ஆங்கில எழுத்தில் அடித்தாள். 'பாட்டி' என்பதை மட்டும் எப்படி அடிப்பது என்று என்னிடம் கேட்டாள். சொன்னேன். கீழே நான்கு வரி எழுதினாள், என்னைப் படிக்க விடவில்லை.

குறைந்தது இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டிப்போங்கள். நாங்கள் மறுபடி போகிறோம், அந்தச் சுவரில் பாதிதான் பார்த்திருக்கிறோம்.