ப்ராசஸரில் தொடங்கியது என் தப்பு: வீட்டு நாஸோடு இரண்டரை வருடம்

வீட்டுக்கு ஒரு குட்டி நாஸ், அதாவது வீட்டில் எல்லோரும் நெட்வொர்க் வழியாகப் பயன்படுத்தும் ஃபைல் சேமிப்புப் பெட்டி, கட்டி இரண்டரை வருடம் ஆகிறது. கட்டுவதற்கு முன் எந்த ப்ராசஸர் போடுவது என்று இரண்டு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டேன். ஆனால் இத்தனை நாளில் ப்ராசஸரால் எனக்கு ஒருமுறைகூடத் தலைவலி வந்ததில்லை. வந்ததெல்லாம் கேபிளால், பவர் அடாப்டரால், சூட்டால், டிஸ்குகளை இணைக்கும் ஒரு சாட்டா அட்டையால். நான்கையும் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டு போனால் ஒரே இடத்தில் போய் முட்டுகிறது: எத்தனை டிஸ்க் என்பதை நான் யோசிக்கவே இல்லை. கேஸில் நான்கு இடம் இருந்தது, நான்கு 4 டிபி டிஸ்க் வாங்கினேன், அவ்வளவுதான்.

மதர்போர்டு ஒரு மினி-ஐடிஎக்ஸ், அதாவது 17க்கு 17 சென்டிமீட்டர், மேலேயே இன்டெல் என்100 ப்ராசஸர் ஒட்டி வருவது. நான்கு கோர், 6 வாட் டிடிபி (வெப்பக் கணக்குக்கான மின்திறன்). ஃபைல் பரிமாற்றம், போன்களிலிருந்து வரும் போட்டோ, நாலைந்து கன்டெய்னர் (தனித்தனியாக அடைத்து ஓட்டும் மென்பொருள்கள்), எப்போதாவது ஒரு வீடியோ டிரான்ஸ்கோடிங் (வேறு வடிவத்துக்கு மாற்றுவது), இதற்கெல்லாம் அது மூச்சுகூட வாங்குவதில்லை. ரேம் 16 ஜிபி போட்டேன், போதும். ஒரு டிபி டிஸ்குக்கு ஒரு ஜிபி ரேம் வேண்டும் என்று சொல்வார்கள், வீட்டு உபயோகத்துக்கு அதை நம்பிப் பயப்பட வேண்டாம். மெமரியில் வரும் பிழையைத் தானே திருத்தும் இசிசி இந்தச் சிப்பில் கிடையாது. டிடிஆர்5 ரேமுக்குள்ளேயே இசிசி இருக்கிறதே என்று கேட்பவர்களுக்கு: அது மெமரி சிப்புக்குள் நடக்கும் திருத்தம் மட்டும்தான், முழு இசிசி ஆகாது. இருந்தால் நல்லது, இல்லையென்று நான் தூக்கம் கெடவில்லை.

சரி, தொல்லைகளுக்கு வருகிறேன். முதல் வாரமே ஒன்று. போர்டோடு 12 வோல்ட், 90 வாட் அடாப்டர் ஒன்றைச் சேர்த்திருந்தேன். சும்மா ஓடும்போது மொத்தமே 35 வாட்தான் வருகிறது, 90 தாராளம் என்பது என் கணக்கு. ஆனால் 3.5 இன்ச் டிஸ்க் நின்ற நிலையிலிருந்து சுழலத் தொடங்கும் அந்தச் சில நொடிகளில் 12 வோல்ட் கம்பியில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். ஒன்றுக்கு 24 வாட், நான்குக்கு 96. மெஷினை முழுக்க அணைத்துப் போட்டால் சில சமயம் மூன்று டிஸ்க்தான் எழுந்திருக்கும், ரீபூட் செய்தால் நான்கும் இருக்கும், ஏனென்றால் ரீபூட்டில் டிஸ்க் நிற்பதே இல்லை. இது புரிய எனக்கு ஐந்து நாள் ஆனது, அதற்குள் ஓஎஸ்ஸை இரண்டுமுறை மாற்றிப் போட்டுவிட்டேன். கடைசியில் 300 வாட் எஸ்எஃப்எக்ஸ் (சின்ன அளவு) பவர் சப்ளை ஒன்று வாங்கி மாட்டியதும் பிரச்சினை போனது.

அப்புறம் சாட்டா அட்டை. போர்டில் சாட்டா போர்ட் இரண்டுதான், டிஸ்க் நான்கு, அதனால் கைக்குக் கிடைத்த ஒரு அட்டையைச் செருகினேன். வேலை செய்தது, குறை சொல்ல முடியாது. பல மாதம் கழித்து வேடிக்கைக்காக, மின்செலவைக் காட்டும் பவர்டாப் மென்பொருளை ஓட்டிப் பார்த்தால் ப்ராசஸர் சி2 என்ற லேசான தூக்க நிலையைத் தாண்டி ஆழமான தூக்கத்துக்குப் போகவே இல்லை. அட்டையில் இருந்த சிப், இணைப்பு சும்மா இருக்கும்போது மின்செலவைக் குறைக்கும் ஏஎஸ்பிஎம்மை ஆதரிக்கவில்லை, அது விழித்திருப்பதால் மற்றவர்களையும் தூங்கவிடவில்லை. ஏஎஸ்எம்1166 சிப் உள்ள அட்டைக்கு மாற்றினேன், சுவர் மீட்டரில் 6 வாட் குறைந்தது. 6 வாட்தானே என்று தோன்றும். வருடத்துக்கு 8,760 மணி நேரம் ஓடுகிற பெட்டி இது, 52 யூனிட்டுக்கு மேல் வரும்.

கேஸ்தான் எனக்கு இன்னும் ஆறாத விஷயம். சின்னதாக, அழகாக இருக்கிறதென்று வாங்கினேன். டிஸ்குகளுக்கு நடுவே விரல்கூட நுழையாது. பின்பக்கம் ஒரே ஒரு 80 மிமீ ஃபேன். மாதம் ஒருமுறை இசட்எஃப்எஸ் (நான் போட்டிருக்கும் ஃபைல் சிஸ்டம்) எல்லாத் தரவையும் படித்துச் சரிபார்க்கும் ஸ்க்ரப் ஓடும்போது நடுவிலிருக்கும் இரண்டு டிஸ்கும் 52 டிகிரி வரை போனது. ஃபேனை வேகமாக்கினால் கூடத்தில் உட்கார்ந்து பேச முடியாது. காற்று டிஸ்குகளின் இடையே போகாமல் பக்கவாட்டு ஓட்டைகள் வழியாகச் சுலபமாக உள்ளே வந்து வெளியே போய்க்கொண்டிருந்தது. அட்டைப்பெட்டியை வெட்டி அந்த ஓட்டைகளை அடைத்தேன், அவ்வளவுதான், அதே ஃபேன் வேகத்தில் 44. பார்க்கச் சகிக்காது, ஆனால் கதவைத் திறந்து யார் பார்க்கப் போகிறார்கள்.

அதே நெருக்கடியான கேஸ் இன்னொரு கூத்தும் செய்தது. இரண்டாம் வருடத் தொடக்கத்தில் ஒரு டிஸ்கில் செக்சம் பிழைகள், அதாவது படித்த தரவு சரிபார்ப்பு எண்ணோடு ஒத்துப்போகவில்லை. டிஸ்க் போகப்போகிறது என்று முடிவுகட்டிப் புதிது வாங்கி மாட்டினேன், ரீசில்வர் (புது டிஸ்கில் தரவை மறுபடி நிரப்புவது) ஒரு ராத்திரி ஓடியது, மூன்றாம் நாள் புது டிஸ்கிலும் அதே பிழை. அப்போதுதான் டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே பதிவுசெய்யும் ஸ்மார்ட் அட்டவணையை ஒழுங்காகப் படித்தேன். கெட்டுப்போன, சந்தேகமான செக்டர்களை எண்ணும் 5, 197 எண்ணுள்ள வரிகள் இரண்டும் பூஜ்யம், அதாவது தட்டில் கோளாறு இல்லை. 199 மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது. அது சிஆர்சி பிழை, அதாவது தரவு வழியில் சிதைவது, பெரும்பாலும் கேபிள் அல்லது கனெக்டர் பிரச்சினை. பக்கக் கதவு மூடும்போது சாட்டா கேபிளை மடக்கி அழுத்திக்கொண்டிருந்தது. வளைந்த தலையுள்ள கேபிள் ஒன்று மாட்டியதும் நின்றுவிட்டது. முதலிலேயே 199ஐப் பார்த்திருந்தால் ஒரு டிஸ்க் வாங்கும் செலவு மிச்சம்.

டிஸ்க் வாங்கும்போது ஒரே ஒரு எச்சரிக்கை: சிஎம்ஆரா எஸ்எம்ஆரா என்று மாடல் எண்ணைப் போட்டுத் தேடிவிட்டு வாங்குங்கள் (எஸ்எம்ஆரில் பதிவுத் தடங்கள் ஓடுபோல ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும், சிஎம்ஆரில் அப்படியில்லை). பெட்டியில் நாஸ் என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பக் கூடாது. 2020இல் நாஸுக்கென்றே விற்ற சில 2 முதல் 6 டிபி மாடல்களில் எஸ்எம்ஆர் இருப்பது வெளியே தெரிந்து பெரிய ரகளையே நடந்தது. சாதாரணமாகப் படிக்கும்போது வித்தியாசம் தெரியாது, ரீசில்வர் ஓடும்போதுதான் கழுத்தை அறுக்கும்.

நெட்வொர்க்கைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு கிகாபிட்டில் நொடிக்கு 110 எம்பி வந்தது, 2.5 கிகாபிட் ஆக்கியபின் 280 வரை. அதற்கு மேல் 10 கிகாபிட் போட்டாலும் சுழலும் டிஸ்கில் அவ்வளவு வேகம் இல்லை.

போன வருடக் கடைசியில் நான்கு டிஸ்கையும் கழற்றிவிட்டு இரண்டு 12 டிபி போட்டு மிரர் ஆக்கினேன், அதாவது இரண்டிலும் ஒரே தரவு. முன்பு ரெய்டு-இசட்1இல் (ஒரு டிஸ்க் அளவு இடம் பாதுகாப்புக்குப் போகும் முறை) கிடைத்ததும் 12 டிபிதான், இப்போதும் அதேதான். ஆனால் சாட்டா அட்டை வேண்டாம், நடுவில் ஓர் இடம் காலியாக இருப்பதால் அட்டைப்பெட்டித் துண்டுகளும் வேண்டாம், ஸ்க்ரப்பில்கூட 41 டிகிரியைத் தாண்டுவதில்லை. சும்மா இருக்கும்போது 20 வாட். டிஸ்குக்கு ஆகும் செலவு அதிகம்தான், ஆனால் அட்டை, பெரிய பவர் சப்ளை, தேவையில்லாமல் வாங்கிய ஐந்தாவது டிஸ்க் எல்லாவற்றையும் கூட்டினால் முதலிலேயே இதைச் செய்திருக்கலாம்.

கழற்றியதில் மூன்று டிஸ்க் இப்போது அண்ணன் வீட்டில் ஒரு பழைய டெஸ்க்டாப்பில் கிடக்கின்றன. மிரர் இருக்கிறதே, பேக்கப் எதற்கு என்றார் அண்ணன். நான் ஒரு போல்டரை அழித்தால் மிரர் இரண்டு பக்கமும் சேர்த்தே அழிக்கும் என்றேன். ஞாயிறுதோறும் ராத்திரி அந்த டெஸ்க்டாப் தானாக எழுந்து, காப்பி எடுத்துக்கொண்டு, அணைந்துவிடுகிறது.