சீல் மாற்றுவதா, சிலிண்டரையே மாற்றுவதா?

திருவொற்றியூர் நெடுஞ்சாலையை ஒட்டிய என் பட்டறையில் எண்ணெய் அழுத்தத்தில் கார்களைத் தூக்கும், இரண்டு தூண் கொண்ட நான்கு டன் டூ போஸ்ட் லிஃப்ட் ஒன்று பதினோரு வருடமாக உழைக்கிறது. கடல் கூப்பிடு தூரம். இடதுபக்கத்து சிலிண்டர் கசிய ஆரம்பித்ததும், கழற்றிப் பார்ப்பதற்கு முன்பே முடிவெடுத்துவிட்டேன். சீல் கிட், அதாவது எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையங்களின் தொகுப்பை வாங்கி மாட்டினேன். இரண்டே மாதத்தில் தூணின் அடியில் மறுபடி எண்ணெய் தேங்கியது. அடுத்த கிட்டுக்கும் அதே கதி. மூன்றாவது முறைதான் சிலிண்டரிலிருந்து நீளும் தண்டான ராடைத் துடைத்து வெயிலில் வைத்துப் பார்த்தேன். பளபளத்த குரோம் பூச்சின் நடுவே குண்டூசி முனை அளவில் துருப்புள்ளிகள். காரைத் தூக்கியபடியே இரவெல்லாம் விட்டுவிடுவது எங்கள் வழக்கம். ராடு முழுக்க வெளியே நீட்டிக்கொண்டு உப்புக்காற்றில் நின்றிருக்கிறது. ஒவ்வொரு ஏற்ற இறக்கத்திலும் அந்தப் புள்ளிகள் அரம்போல சீலின் உதட்டை அறுத்திருக்கின்றன.

அதனால் இந்த அலசலில் விலையைப் பிறகு பேசுகிறேன். எந்த வழி என்பதை உள்ளே இருக்கும் இரும்புதான் சொல்ல வேண்டும்.

அதற்கும் முன்னால், கோளாறு சிலிண்டரில்தானா என்று பார்த்துவிட வேண்டும். பட்டறை லிஃப்டுகளில் பெரும்பாலும் இருப்பவை, ஒருபக்கம் மட்டும் எண்ணெய் தள்ளும் சிலிண்டர்கள். கீழே இறக்குவது வண்டியின் எடைதான். அடைபட்ட எண்ணெய்க்குத் தப்பிக்க இரண்டே வழி: சீலைக் கடந்து வெளியே வருவது, இல்லையென்றால் வந்த குழாய் வழியாகவே தொட்டிக்குத் திரும்புவது. சிலிண்டரின் வாயும், காற்று போய்வரும் மூச்சுத்துளையும் காய்ந்திருக்க, லிஃப்ட் மட்டும் இறங்குகிறது என்றால் பவர் பேக்கில் (மோட்டாரும் பம்பும் எண்ணெய்த் தொட்டியும் சேர்ந்த பகுதி) உள்ள இறக்கும் வால்வையோ, எண்ணெய் திரும்பாமல் தடுக்கும் செக் வால்வையோ சந்தேகிக்க வேண்டும். வால்வின் வாயில் ஒரு உலோகத் துகள் சிக்கினாலே போதும். சில மாடல்களில் மூச்சுத்துளையிலிருந்து தொட்டிக்கே மெல்லிய குழாய் ஒன்று போகும். அதைக் கழற்றி, எண்ணெய் வருகிறதா என்று பார்க்க வேண்டும். வால்வைச் சுத்தம் செய்தால் தீர்ந்திருக்கும் கோளாறுக்குப் புது சிலிண்டரே வாங்கியவர்கள் உண்டு. அந்தப் பணம் வீண் போனதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் பொறுக்கவில்லை.

சீல் மட்டும் மாற்றுவது எப்போது சரி? ராடு நேராக, வழவழப்பாக இருக்க வேண்டும். சிலிண்டரின் குழாயான பேரலின் உள்சுவரில் விரல் நகத்தை ஓட்டினால் எங்கும் தட்டக்கூடாது. இரண்டும் சரியென்றால் யோசிக்கவே வேண்டாம், சீல் மாற்றுங்கள். செலவு குறைவு, பெரும்பாலும் அரை நாள் வேலை. பாரிமுனைக் கடைகளில் ஓ ரிங், ராடின் அழுக்கைத் துடைக்கும் வைப்பர், யூ வடிவ யூ சீல் எல்லாம் தனித்தனியாகவும் கிடைக்கும். ஆனால் பழைய சீலைக் கையில் கொண்டுபோய், இதே மாதிரி கொடுங்கள் என்று கேட்கக் கூடாது. அது ஊறி உப்பியோ வெந்து சுருங்கியோ இருக்கும். ராடின் விட்டம், பேரலின் உள்விட்டம், சீல் உட்காரும் பள்ளத்தின் அகலம், ஆழம் ஆகியவற்றை வெர்னியரில் அளந்து எழுதிக்கொண்டு போக வேண்டும். யூ சீலின் திறந்த வாய் எண்ணெய் அழுத்தும் பக்கம் பார்த்திருக்க வேண்டும். திருகுமரைக் கூர்மையில் உரசி, மாட்டும்போதே கிழிந்துபோகும் சீல்கள் ஏராளம். மரையின் மேல் டேப் சுற்றிவிட்டால் தப்பும்.

எண்ணெய் குறைந்தால் கைக்குக் கிடைத்த பிரேக் ஆயிலை ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். சீலின் நைட்ரைல் ரப்பர் அதில் ஊறிக் கெட்டுவிடும். லிஃப்டின் கையேட்டில் 32 என்றோ 46 என்றோ எந்தப் பிசுபிசுப்புத் தர ஹைட்ராலிக் எண்ணெய் சொல்லியிருக்கிறதோ அதுதான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் புகுந்த பட்டறைகளுக்கு இது இன்னும் முக்கியம். எண்ணெய் பால்போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. தொட்டியைக் கழுவி எண்ணெயை மாற்றாமல் சீலை மட்டும் மாற்றினால், உள்ளே துரு தன் வேலையைத் தொடரும்.

என் லிஃப்டுக்குப் பொருந்திய வழி அடுத்தது: ராடைச் சாணை பிடித்து மறுபடி ஹார்டு குரோம் ஏற்றுவது. அம்பத்தூர் பக்கம் போனால் இதற்குப் பட்டறைகள் உண்டு. இந்தப் பூச்சு வழக்கமாக 0.02 முதல் 0.03 மில்லிமீட்டர்தான். பழைய பூச்சை நீக்கி, துருப்பள்ளம் மறையும்வரை சாணை பிடித்து, குரோம் ஏற்றி, மீண்டும் பழைய அளவுக்கே கொண்டுவர வேண்டும். பள்ளம் ஆழமென்றால் கட்டுப்படியாகாது. புது ராடு கடைவதே மேல். எனக்கு லிஃப்ட் ஆறு நாள் நின்றது. இந்தச் செலவைக் கணக்கிடும்போது நின்ற நாட்களின் வருமான இழப்பையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். எல்லாம் சேர்ந்து புது சிலிண்டரின் பாதி விலையைத் தாண்டினால் புதிதே வாங்கிவிடலாம் என்பது என் கணக்கு.

பேரலில் கீறல் விழுந்திருந்தால் என் மனம் புதிய சிலிண்டர் பக்கமே சாய்கிறது. ஹோனிங் செய்தால், அதாவது உள்சுவரைத் தேய்த்து வழவழப்பாக்கினால், கீறல் போகும், கூடவே உள்விட்டமும் பெருகும். வழக்கமான அளவு சீல் பிறகு இறுக்கமாக உட்காராது. வளைந்த ராடு, வெடிப்பு விட்ட பற்றவைப்பு இவற்றிலும் புதியதுதான், பேச்சுக்கே இடமில்லை. பேரலில் வெடிப்பின் மேல் வெல்டிங் வைத்துத் தருவதாக ஒருவர் என்னிடம் சொன்னார். 63 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிஸ்டனில் 160 பார் அழுத்தம் என்றால் ஏறக்குறைய 5 டன் விசை. அந்த ஒட்டை நம்பி ஒரு பையனைக் காருக்கு அடியில் அனுப்ப என்னால் முடியாது. பழைய இரும்புக் கடையில் கழற்றிய சிலிண்டரும் அப்படித்தான், அதன் வரலாறு யாருக்கும் தெரியாது.

புதிதிலும் இரண்டு வகை. லிஃப்ட் தயாரித்த நிறுவனத்தின் அசல் சிலிண்டர் அப்படியே பொருந்தும். ஆனால் இறக்குமதி லிஃப்ட் பழைய மாடலாக இருந்தால் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும். உள்ளூரில் செய்யக் கொடுப்பது விலையிலும் நாளிலும் லாபம். கொடுக்கும்போது மூடிய நீளம், ராடு நீளும் தூரமான ஸ்ட்ரோக், எண்ணெய் வாயின் மரை, பின்னின் விட்டம் எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். பழையதில் குழாய் அறுந்தால் எண்ணெயைத் தடுக்கும் வால்வு இருந்ததா என்று பார்த்து, அதையும் கேட்டு வாங்க வேண்டும். வேலை அழுத்தத்தின் ஒன்றரை மடங்கில் சோதித்துத் தரச் சொல்ல வேண்டும். உள்விட்டம் மறுபக்கத்து சிலிண்டரோடு அச்சாக ஒத்திருக்க வேண்டும். இல்லையென்றால் இரண்டு பக்கமும் தள்ளும் விசை வேறுபட்டு, சமன்செய்யும் கம்பி வடத்தின்மேல் பாரம் ஏறிவிடும்.

எந்த வழியில் போனாலும் மாட்டிய பிறகு வெறும் லிஃப்டைப் பலமுறை ஏற்றி இறக்கிக் காற்றை வெளியேற்றுங்கள். பிறகு ஒரு காரை ஏற்றி, தூணில் உள்ள பாதுகாப்புப் பூட்டில் உட்காரவிடாமல், ஒரு அடி உயரத்தில் நிறுத்தி, காரைத் தாங்கும் லிஃப்டின் கை இருக்கும் மட்டத்தில் தூணில் சாக்கட்டியால் கோடு போட்டுவிட்டு வீட்டுக்குப் போங்கள். யாரும் அடியில் போகாதபடி கயிறு கட்டிவிட வேண்டும். குரோம் ஏற்றி மாட்டிய மறுநாள் காலை நான் கதவைத் திறந்தபோது, கை கோட்டின் மேலேயே நின்றது.