ஏ.ஏ. மீட்டிங் என்று சொல்லிக் காசு கேட்டால் உஷார்

கடலூர், பாண்டிச்சேரி பக்கம் குடியை நிறுத்த மீட்டிங் தேடிக்கொண்டிருக்கிற குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். குடியை நிறுத்த நினைப்பவர்கள் ஒன்றுகூடிப் பேசுகிற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், அதாவது ஏ.ஏ., என்று சொல்லி யாராவது அட்மிஷன் பீஸ் கேட்டால் அப்போதே எழுந்து வந்துவிடுங்கள். எங்களிடம் எட்டாயிரம் ரூபாய் வாங்கினார்கள். காசு போனது சின்ன விஷயம், மற்றதைக் கேளுங்கள்.

என் அண்ணன் வெல்டர், சிப்காட்டில் வேலை. கடலூரிலிருந்து பஸ் ஏறினால் அரை மணி நேரத்துக்குள் முள்ளோடை, பாண்டிச்சேரி எல்லை. அந்தப் பக்கம் சரக்கு என்ன விலை என்று இந்த ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தீபாவளி கழிந்து ஒருநாள் அவரே, "எங்கயாவது கூட்டிட்டுப் போடா, முடியல" என்றார். அவர் வாயிலிருந்து அது வந்ததே பெரிது என்று அண்ணி உடனே போனில் தேட ஆரம்பித்துவிட்டார்.

முதலில் வந்தது பாண்டிச்சேரியில் ஒரு ஆலோசனை மையம். புகார் கொடுத்திருக்கிறோம், அதனால் பெயர் வேண்டாம். "ஏ.ஏ. பிராஞ்ச்தான் சார், நேரா வாங்க" என்றார் போனை எடுத்தவர். மாடியில் ஒரு ரூம். சுவரில் குடியிலிருந்து மீள ஏ.ஏ. சொல்கிற 12 படிகளை பிளெக்ஸ் அடித்து மாட்டி, பன்னிரண்டாவது படிக்குக் கீழேயே ஜிபே க்யூஆர் கோடு ஒட்டியிருந்தார்கள். வாரத்துக்கு ஒரு படியாம், முடித்தால் சர்டிபிகேட்டாம். ஆதார் நகலும் போட்டோவும் வாங்கிக்கொண்டார்கள்.

அண்ணன் தினமும் எவ்வளவு குடிக்கிறார் என்று ஒரு கேள்வி இல்லை. "இன்னியிலேர்ந்து ஒரு சொட்டு கூடாது" என்று சத்தியம் வாங்கி அனுப்பிவிட்டார்கள். மறுநாள் அவரால் டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. கை அப்படி ஆடியது, பனியன் நனைந்து ஒட்டிக்கொண்டது, சுவரில் ஏதோ ஊர்கிறது என்றார். அரசு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். வருஷக்கணக்காகத் தினமும் குடிக்கிறவர் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம், இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் புத்தி பேதலித்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்று டாக்டர் விளக்கினார். மாத்திரை கொடுத்துப் படிப்படியாகக் குறைத்து, தயமின் என்கிற வைட்டமின் ஊசியும் போட்டார்கள். எந்த மீட்டிங்குக்குப் போவதானாலும் முதலில் டாக்டரைப் பாருங்கள்.

இதற்குள் மையத்துக்காரர்கள் அண்ணியைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு பொட்டலம் கொடுத்திருக்கிறார்கள். லேபிள் கிடையாது. "தயிர் சாதத்துல கலந்துடுங்கம்மா, அவருக்குத் தெரிய வேணாம்." அண்ணி கெட்டிக்காரி, கலக்காமல் டாக்டரிடம் கொண்டுபோய் நீட்டினார். குடித்தால் ஒத்துக்கொள்ளாமல் செய்கிற டைசல்ஃபிரம் மாத்திரை உண்மையிலேயே இருக்கிறதாம். ஆனால் பரிசோதனை செய்து, குடிப்பவருக்குச் சொல்லி, அவர் சம்மதத்தோடு கொடுப்பது அது. தெரியாமல் அதன்மேல் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி வந்து, பிரஷர் இறங்கி ஆளே போய்விடலாம்.

உடம்பு தேறி அண்ணன் மறுபடி அந்த மையத்துக்குப் போய், மகள் கம்மலை அடகு வைத்துக் குடித்ததைப் பேசியிருக்கிறார். அந்த வீடியோ மையத்துக்காரர் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வந்துவிட்டது, "எங்கள் மாணவரின் அனுபவம்" என்று. சூப்பர்வைசர்தான் முதலில் பார்த்தார். அந்த வாரம் அண்ணன் வேலைக்கும் போகவில்லை, யாரிடமும் பேசவும் இல்லை.

நிஜ ஏ.ஏ. எப்படி என்று பிறகுதான் பார்த்தோம். 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் ஒரு பங்குத் தரகரும் ஒரு சர்ஜனும், இரண்டு பேருமே குடிநோயாளிகள், ஒருவருக்கொருவர் பேசியே நிறுத்தியதில் தொடங்கியது அது. 12 படிகள் மாதிரியே, குழு எப்படி நடக்க வேண்டும் என்கிற 12 மரபுகளும் உண்டு. சேர ஒரே தகுதி, குடியை நிறுத்தும் விருப்பம். கட்டணம் இல்லை, வெளியாரிடம் நன்கொடையும் வாங்க மாட்டார்கள். எந்த மையத்துக்கும் தங்கள் பெயரைக் கொடுக்க மாட்டார்கள். அப்புறம் என்ன பிராஞ்ச்?

நாங்கள் போனது ஒரு ஸ்கூல் வகுப்பறை. ஆதாரும் கேட்கவில்லை, ஊரும் கேட்கவில்லை. டீ செலவுக்கு ஒரு பை சுற்றி வந்தது. பக்கத்திலிருந்தவர், "புதுசா வந்தவங்க போட வேணாம் தம்பி" என்று அதை அப்படியே நகர்த்திவிட்டார். பேசச் சொல்லி யாரும் வற்புறுத்தவில்லை. ஓப்பன் மீட்டிங் என்றால் குடும்பமும் உட்காரலாம், க்ளோஸ்டு என்றால் குடிநோயாளிகள் மட்டும். அண்ணி மாதிரி வீட்டாருக்கு அல்-அனான் என்று தனிக் கூட்டம் உண்டு. எங்கே தொடங்குவது என்றே தெரியாதவர்கள் 14446க்குப் போன் செய்யலாம், மத்திய அரசின் இலவச உதவி எண்.

இன்னொன்று. "வரலேன்னா சொல்லுங்க, வண்டி அனுப்பித் தூக்கிட்டு வந்துடறோம், அதுக்குத் தனி சார்ஜ்" என்றும் அந்த மையத்தில் எங்களிடம் சொன்னார்கள். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தில் குடிப்பிரச்சினையும் அடங்கும். ஆளைத் தங்கவைத்துச் சிகிச்சை செய்கிற இடம் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தச் சான்றிதழைக் கேளுங்கள். நாங்கள் கேட்டதும் பேச்சை மாற்றினார்கள்.

போலீஸில் எழுதிக் கொடுத்த பிறகு வீடியோவை எடுத்துவிட்டார்கள். பணத்தைக் கேட்டால், கோர்ஸைப் பாதியில் விட்டால் ரீபண்ட் கிடையாதாம். ரசீதும் தரவில்லை, ஜிபே ஸ்கிரீன்ஷாட் மட்டும்தான் கையில் இருக்கிறது. அந்த நம்பரிலிருந்து அண்ணிக்கு இன்னும் மெசேஜ் வருகிறது, பொங்கல் பேட்சுக்கு டிஸ்கவுண்ட் என்று.